பந்து நம்மிடம் இல்லாத நேரம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன வாரம் கூப்பிட்டு, "நீங்க ஹாக்கியைப் பத்திப் பேசணும் சார்" என்றார். "எந்த ஹாக்கி?" என்று கேட்டேன். "ஏன் சார், எத்தனை ஹாக்கி இருக்கு?" என்றார். இரண்டு இருக்கிறது. ஒன்று நாம் தரையில் ஆடுவது. இன்னொன்று பனிக்கட்டியின் மேல் ஆடுவது. முதல் ஹாக்கியில் நான் ஒரு தவறு செய்தேன். அது என்ன தவறு என்பதை எனக்குப் புரியவைத்தது இரண்டாவது ஹாக்கி. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

நான் காட்டுப்பள்ளிக்காரன். இன்று காட்டுப்பள்ளி என்றால் துறைமுகமும், கன்டெய்னர் லாரிகளும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும்தான் ஞாபகத்துக்கு வரும். என் சின்ன வயதில் மணல், சவுக்குத் தோப்பு, கடல், அவ்வளவுதான். படகில் முகத்துவாரம் தாண்டி எண்ணூருக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, திருவொற்றியூர் வழியாகக் கல்லூரிக்கு வருவேன். பஸ்ஸைத் தவறவிட்டால் முதல் பீரியடும் போச்சு.

அந்தக் கரையில்தான் நாங்கள் ஹாக்கி ஆடினோம். அதற்கு ஹாக்கி என்று பேர் என்பதே எங்களுக்குத் தெரியாது. வளைந்த சவுக்குக் கிளைதான் மட்டை. வலையில் கட்டும் மிதவைக் கட்டையில் உடைந்துபோன ஒன்றுதான் பந்து. தண்ணீர் வற்றும் நேரத்தில் ஈரமணல் இறுகிச் சிமெண்டுத் தரை மாதிரி ஆகிவிடும். அதில் அந்தக் கட்டை உருளாது, வழுக்கிக்கொண்டு போகும். கட்டையை மட்டையோடு ஒட்டவைத்துக்கொண்டு நாலு பேரை ஏமாற்றுகிறவன் எவனோ அவன்தான் எங்கள் ஊர் ராஜா. நான்தான் ராஜா.

கல்லூரிக்கு வந்ததும் எங்கள் பிசிக்கல் டைரக்டர் என் கையில் நிஜமான ஹாக்கி மட்டையைக் கொடுத்தார். ஒரு வாரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "கை நல்லா இருக்குடா. கண்ணுதான் தரையிலேயே கிடக்கு. தலையைத் தூக்கி ஆடு." மூன்று வருஷமும் அதையே சொன்னார். மூன்று வருஷமும் நான் கேட்கவில்லை.

1977. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியின் இறுதி ஆட்டம். செம்மண் தரை. இரு பக்கமும் கோல் இல்லை. முடிய ஐந்தாறு நிமிஷம்தான் இருக்கும். இன்சைட் ரைட்டில் ஆடிய எனக்குப் பந்து கிடைத்தது. ஒருவனைத் தாண்டினேன். இரண்டாமவனையும் தாண்டினேன். 'டி'யின் விளிம்புக்கு வந்துவிட்டேன். எனக்கு வலப்பக்கம் எங்கள் ரைட் அவுட் தனியாக நிற்கிறான். அவனைச் சுற்றி யாருமே இல்லை. "குடுடா, குடுடா" என்று கத்துகிறான். எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. மூன்றாமவனையும் தாண்டிக் காட்டலாம் என்று நினைத்தேன். அவன் பந்தை உருவிக்கொண்டு போய்விட்டான். அதே மூச்சில் அந்தப் பக்கம் கோல் விழுந்தது. 1-0. தோற்றோம்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுக்க அன்றைக்கு ஆட்டம் பார்க்க வந்திருந்தார்கள். என் வீட்டில் எப்படியோ சமாளித்துப் படிக்கவைத்துவிடுவார்கள். ரைட் அவுட்டின் வீட்டில் அப்படி இல்லை. அவன் மூத்த பிள்ளை. அந்த வேலையை நம்பித்தான் அவன் மூன்று வருஷமாகக் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து ஓடிக்கொண்டிருந்தான். அந்தக் கோலைப் போட்டிருந்தால் வேலை நிச்சயம் கிடைத்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவனுக்கு வரவேண்டிய வாய்ப்பு என் மட்டையில் இருந்தது. நான் கொடுக்கவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அவன் சொன்னது ஒரே வார்த்தை: "விடு மச்சான், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." எங்களுக்கு அது கடைசி வருஷம். அது அவனுக்கும் தெரியும்.

படிப்பு முடிந்து, ரேடியோ ஆபீசர் பயிற்சி எடுத்து, நான் கப்பலுக்குப் போய்விட்டேன். 1985 குளிர்காலத்தில் எங்கள் கப்பல் கனடாவின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் நின்றது. காட்டுப்பள்ளிக்காரனுக்கு அந்தக் குளிர் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஓடிப்போய் மாலுமிகள் மன்றத்தில் உட்கார்ந்தேன். டி.வி.யில் ஐஸ் ஹாக்கி ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் ஒன்றும் புரியவில்லை. ஒரு பக்கத்துக்கு ஆறே பேர், கோல்கீப்பரையும் சேர்த்து. பந்து கிடையாது. 'பக்' என்று ரப்பர் வில்லை. 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம். துள்ளாமல் இருக்க அதை உறையவைத்து எடுத்து வருவார்கள். பார்த்ததும் எனக்கு எங்கள் ஊர் மிதவைக் கட்டைதான் ஞாபகம் வந்தது. நம் மட்டையில் தட்டையான பக்கத்தால் மட்டுமே ஆடலாம். அவர்கள் இரு பக்கத்தாலும் ஆடலாம். ஆட்டம் 20 நிமிஷமாக மூன்று பகுதி. ஆனால் ஒருவர் களத்தில் முக்கால் நிமிஷம் போலத்தான் இருப்பார். அதற்குள் மூச்சு வாங்கிவிடும். அடுத்தவர் இறங்குவார். இன்னொரு வித்தியாசம், கோலுக்குப் பின்னாலும் இடம் உண்டு. அங்கேயும் ஆட்டம் நடக்கும்.

அந்த இடத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். முதுகில் 99. ஒல்லியான ஆள். மற்றவர்கள் மோதிக்கொண்டு திரிகிறார்கள், இவர் கோலுக்குப் பின்னால், ஆபீசில் உட்கார்ந்திருக்கிற மாதிரி, பக்கை வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்கிறார். தலை நிமிர்ந்தே இருக்கிறது. ஒரு தட்டு. முன்னால் வந்தவர் கோல் அடித்துவிட்டார். "யாருங்க அது?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வெய்ன் கிரெட்ஸ்கி" என்றார். நம் ஊரில் எம்.ஜி.ஆர். யார் என்று கேட்டால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி.

கிரெட்ஸ்கி 1999-இல் ஓய்வு பெற்றார். வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீகில் அவர் போட்ட கோல் 894. 2025 ஏப்ரலில் ரஷ்யாவின் அலெக்சாண்டர் ஒவெச்கின் அதைத் தாண்டிவிட்டார். ஆனால் கிரெட்ஸ்கிக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. பிறர் கோல் போடப் பந்து கொடுத்த கணக்கு. அதை 'அசிஸ்ட்' என்பார்கள். அது 1,963. வேறு எந்த ஆட்டக்காரருக்கும் கோலையும் அசிஸ்டையும் சேர்த்துக் கூட்டினால்கூட அவ்வளவு வரவில்லை. அடுத்த இடத்தில் இருக்கும் யாரோமிர் யாகர், எல்லாம் சேர்த்தே 1,921தான். போட்டதில் முதலிடம் போய்விட்டது. கொடுத்ததில் அவரை இன்னும் யாரும் நெருங்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐஸ் ஹாக்கியில் கோல் விழுந்தால், போட்டவர் பெயரோடு, அதற்கு முன் கொடுத்த இரண்டு பேர் வரை கணக்குப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். நம் கல்லூரி ஸ்கோர் ஷீட்டில் போட்டவன் பெயர் மட்டும்தான். கொடுத்தவன் யார் என்று நாமும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை.

அந்த ஆட்டத்தின் மற்ற பெரியவர்களையும் சொல்கிறேன். பாபி ஓர் தடுப்பாட்டக்காரர். ஆனால் 1970-லும் 1975-லும் லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்தான். தடுக்கிறவனும் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கலாம் என்று காட்டியவர். கார்டி ஹோவ் 52 வயதில் தன் மகன்களோடு ஒரே அணியில் ஆடினார். நம்ம பேட்சுக்கு இந்த மாடி ஏறவே மூச்சு வாங்குது. மரியோ லெமியூ, 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கின் இறுதி ஆட்டத்தில், தனக்கு வந்த பந்தைத் தொடவே இல்லை. அடிக்கப்போவது போலப் பாவனை செய்து கால்களுக்கு நடுவே விட்டுவிட்டார். அவருக்குப் பின்னால் நின்ற பால் கரியா கோல் போட்டார். கனடா 5-2 என்று அமெரிக்காவை வென்றது. 50 வருஷத்துக்குப் பிறகு கிடைத்த தங்கம். பின்னால் யார் நிற்கிறார் என்று தெரிந்தவன்தான் பந்தைத் தொடாமல் விட முடியும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை என்று நினைக்காதீர்கள். நம் கதையும் இதேதான். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியா ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் வாங்கியது. தலைவர் நம் சென்னை லயோலாவில் படித்த வாசுதேவன் பாஸ்கரன். அந்த நாலு கோலில் சுரிந்தர் சிங் சோதி 2, கௌசிக் 1, முகமது ஷாகித் 1. பாஸ்கரன் பெயர் இல்லை. அவர் ஹாஃப் பேக். பின்னால் தடுத்து முன்னால் கொடுப்பதுதான் அவர் வேலை. நம் தமிழ்நாட்டு வி.ஜே. பீட்டர் 1960, 1964, 1968 என்று மூன்று ஒலிம்பிக்கிலும் பதக்கம் பெற்றார், அதில் 1964 தங்கம். அவர் தம்பி பிலிப்ஸ் 1975-இல் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தார். தமிழ்க் குடும்பத்தில் புனே அருகே கட்கியில் பிறந்த தன்ராஜ் பிள்ளை நாலு ஒலிம்பிக், நாலு உலகக் கோப்பை ஆடியவர். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் 32 வருஷத்துக்குப் பிறகு இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தபோது அவர்தான் தலைவர். சென்னையின் முகமது ரியாஸ் அந்த அணியில் இருந்தார்.

மாணவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஆட்டம் 60 நிமிஷம். களத்தில் 22 பேர். பந்து ஒன்று. வகுத்துப் பாருங்கள். ஒருவனிடம் பந்து இருப்பது மூன்று நிமிஷம்கூட இல்லை. மிச்சம் 57 நிமிஷம் அவன் என்ன செய்கிறான்? எங்கே நிற்கிறான், யாரைப் பார்க்கிறான், யாருக்காக ஓடுகிறான்? திறமை என்று நாம் கைதட்டுவது அந்த மூன்று நிமிஷத்துக்கு. ஆட்டம் தீர்மானமாவது இந்த 57-இல்.

அதற்குப் பயிற்சியும் உண்டு. இரண்டு பேர் பத்து மீட்டர் தள்ளி நின்று பந்தைத் தள்ளிக்கொள்ளுங்கள். பந்து வந்து சேருவதற்குள் இரண்டு தோளுக்கும் மேலாகத் திரும்பிப் பார்த்துவிட வேண்டும். பின்னால் ஒரு நண்பன் விரல்களைக் காட்டட்டும். எத்தனை விரல் என்று சொல்லிக்கொண்டே பந்தை நிறுத்துங்கள். மட்டையை இறுக்கிப் பிடித்தால் பந்து துள்ளி ஓடிவிடும். முட்டையை வாங்குகிற மாதிரி மட்டையைக் கொஞ்சம் பின்வாங்கி வாங்குங்கள். ஐஸ் ஹாக்கியிலும் பக்கை அப்படித்தான் வாங்குகிறார்கள். பதினைந்து நாள் செய்தால் தலை தானாக நிமிரும்.

ஆனால் தரை விஷயம் ஒன்று இருக்கிறது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைப் புல்லில் ஹாக்கி நடந்தது. அதுவரை ஒலிம்பிக்கில் பதக்கம் இல்லாமல் திரும்பாத இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது. செயற்கைப் புல்லில் பந்து வரும் வேகம் வேறு. மண்ணில் பழகினவனுக்குப் பந்தை நிறுத்தவே நேரம் போதாது, தலையை எங்கே தூக்குவது? லடாக் பிள்ளைகள் பெரும்பாலும் குளிர்காலத்தில் குளம் உறையும் கொஞ்ச நாளில் ஐஸ் ஹாக்கி பழகுகிறார்கள். அப்படியும் 2025-இல் ஆசியக் கோப்பையில் நம் பெண்கள் அணி வெண்கலம் வாங்கியது. குறைந்த நாளாக இருந்தாலும் அது சரியான தரை. நம் மாணவர்கள் இன்னும் மண்ணிலேயே பழகி, போட்டியன்றுதான் செயற்கைப் புல்லை மிதிக்கிறார்கள். போன வருஷ ஆட்டத்தை நேரில் பார்த்தேன். பிள்ளைகள் மேல் குறை இல்லை.

அதனால் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, மாதம் இரண்டு நாள் நம் ஆண், பெண் அணிகள் செயற்கைப் புல்லில் பழக வாடகையும் வண்டிச் செலவும் நாம் ஏற்போம். முதல் வருஷத்துக்கு என் பங்கைப் பொருளாளரிடம் இன்றே கொடுத்துவிட்டேன். இரண்டு, நம் கல்லூரியின் ஸ்கோர் புத்தகத்தில் புதிதாக ஒரு பத்தி போடுங்கள். 'கோல் போட்டவர்' என்பதற்குப் பக்கத்தில் 'கொடுத்தவர்'. இதற்குச் செலவு ஒரு ஸ்கேலும் பேனாவும்தான்.

கடைசியாக ஒன்று. அந்த ரைட் அவுட் இங்கேதான், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். லாரி பட்டறையில் கூலிக்குச் சேர்ந்து, பிறகு திருவொற்றியூரில் சொந்தப் பட்டறை வைத்து, மூன்று பிள்ளைகளையும் படிக்கவைத்துவிட்டான். யாருடைய பாஸும் இல்லாமல் தானே ஓடி ஜெயித்தவன். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றுக்கும் அவன் வராமல் இருந்ததில்லை. அந்த ஆட்டத்தைப் பற்றி அவனும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் தவறு நூறு பேர் பார்க்க நடந்தது. அதனால் நாலு பேர் முன்னால் சொல்வதுதான் முறை. மச்சான், நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டதுடா. கேட்டும் குடுக்கல. மன்னிச்சுக்கோ.