சுண்ணாம்பு நீரில் எழும் வெண்மை

நிறமற்ற நீர் ஒன்று. கண்ணுக்குப் புலனாகாத மூச்சு மற்றொன்று. இவை கூடியதும் வெள்ளைத் திண்மம் ஒன்று பிறக்கின்றது. ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இரசாயனத் தாக்கம் இன்னதெனக் காட்ட இதனினும் எளிய வாயில் வேறில்லை. ஆயினும், ‘சுண்ணாம்பு நீர் பால்நிறமாகும்’ என்னும் வாக்கியத்தை மனனஞ் செய்வதோடு பல வகுப்புகளில் பாடம் முடிந்துவிடுகின்றது. அந்த வெண்மை எங்கிருந்து வந்தது என்னும் கேள்வி எழுவதேயில்லை.

இதற்கு வேண்டுவது வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பு. அதிற் சிறிது எடுத்து மழைநீரிற் கலக்கிப் போத்தலை மூடி ஓரிரவு வைத்தால், மறுநாள் மேலே தெளிந்த நீர் நிற்கும். அதில் ஒரு பங்கிற்குப் பத்துப் பங்கு மழைநீர் சேர்த்துக் கொள்ளுதல் நன்று. கிணற்று நீர் ஆகாதோ எனின், யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆகாது. அங்கே சுண்ணாம்புக் கற்பாறையூடாக ஊறிவரும் நீர், மூச்சுப் படுமுன்னரே கலங்கிவிடும். குழாயால் ஊதும் பிள்ளை நீரை உறிஞ்சாதபடியும், அது கண்ணிற் படாதபடியும் ஆசிரியர் அருகே நிற்றல் வேண்டும்.

நீர் கலங்கியதும் காரணம் கேட்டால், ‘எச்சில் கலந்தது’ என்பான் ஒருவன். வெறும் மழைநீரில் ஊதச் செய்தால் அவன் ஐயம் தீரும். ‘கரைந்திருந்த சுண்ணாம்பே மீண்டது’ என்பாள் ஒருத்தி. இவ்விடையைப் பிழையென்று உடனே தள்ளுதல் பெருந்தவறு. அதிற் பாதி உண்மை. கல்சியம் முன்னரே நீரில் இருந்ததுதான். ஆனால் வீழ்ந்தது பழைய சுண்ணாம்பு அன்று. மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு அதனோடு தாக்கி, கல்சியம் காபனேற்று என்னும் புதுப்பொருளை ஆக்கியது. சிப்பி ஓட்டின் பொருளும் முருகைக்கல்லின் பொருளும் இதுவே. ஒரு லீற்றர் நீரில் சுண்ணாம்பு ஏறத்தாழ 1.7 கிராம் கரையும். இப்புதுப்பொருளோ ஒரு கிராமின் நூறிலொரு பங்கை அண்மித்த அளவே கரையும். நீரில் தங்க இயலாமையால் அது திண்மமாகப் பிரிகின்றது. அதனையே வீழ்படிவு என்கிறோம். 1750களில் ஸ்கொத்லாந்து அறிஞர் யோசேப்பு பிளாக், மனித மூச்சில் இவ்வாயு உண்டென்று அறிந்ததும் இதே சுண்ணாம்பு நீரைக் கொண்டுதான்.

வகுப்பிலே துடுக்கான பிள்ளை ஒருவன் உண்டு. போதும் என்றாலும் நிறுத்தமாட்டான். அவனைத் தடுக்காதிருப்பதே நலம். ஊத ஊத, கலங்கிய நீர் மெல்லத் தெளிகின்றது! மிகுதியான காபனீரொட்சைட்டு, வீழ்படிவைக் கரையக்கூடிய கல்சியம் இருகாபனேற்றாக மாற்றிவிட்டது. மனனஞ் செய்த வாக்கியம் இங்கே உதவாது. பிள்ளை தானே சிந்தித்தாக வேண்டும்.

தெளிந்த அந்நீரைக் கொதிக்க வைத்தால் வாயு வெளியேற, வெண்மை மீண்டும் தோன்றும். அப்போது, வீட்டுக் கேத்தலின் உள்ளே பார்த்ததுண்டா என்று கேட்கலாம். குடாநாட்டுப் பிள்ளை அடுப்படியில் நாள்தோறும் காணும் அந்த வெள்ளைப் படை, மழைநீரும் கற்பாறையும் கூடி நடத்திய இதே தாக்கத்தின் முடிவு. அதைச் சிறிது சுரண்டி எடுத்து, வினாகிரி சில துளி விட்டுப் பார்த்து வரும்படி அனுப்பினால், மறுநாட் காலையில் நுரைத்தது நுரைத்தது என்று வகுப்பு முழுதும் ஒரே குரலாயிருக்கும்.