ஓவியரும் முத்திரையும்



ஓவியர்கள் சமூக ஊடகங்களின் வழியே தம் பெயரை வணிக முத்திரையாக ஆக்கிக்கொள்வது இந்நூற்றாண்டில் பிறந்த வழக்கம் என்று கருதுவோர் உளர். ஊடகம்தான் புதியது. ஜெர்மனியின் நூரெம்பர்க் நகரில் வாழ்ந்த ஆல்பிரெக்ட் டியூரர் (1471–1528) தம் அச்சுப் படங்களில் 'ஏ' என்னும் எழுத்தின் கால்களுக்கிடையே 'டி' என்னும் எழுத்தைப் பொறித்தார். இத்தாலியில் மார்க்கன்டோனியோ ரைமொண்டி அம்முத்திரையோடு சேர்த்தே படங்களைப் படியெடுத்து விற்றார். டியூரர் வெனிஸ் ஆட்சியாளரிடம் முறையிட்டதாகவும், முத்திரையை மட்டும் இடலாகாது என்று தீர்ப்பாயிற்று என்றும் வசாரி எழுதியுள்ளார். படத்தைப் படியெடுக்கத் தடையில்லை, பெயருக்கே காப்பு!

இன்று முகம் காட்டாமலே பெரும் முத்திரை பதித்தவர் பிரித்தானியச் சுவரோவியர் பாங்க்ஸி. 2013 அக்டோபர் முழுவதும் நியூயார்க் நகரில் நாளொரு படைப்பை வைத்து, இன்ஸ்டாகிராமில் அறிவித்து வந்தார். அழிக்கப்படுமுன் காண மக்கள் ஓடினர். ஒரு நாள் மட்டும் முன்னறிவிப்பு இல்லை. சென்ட்ரல் பூங்காவை ஒட்டி, முதியவர் ஒருவரை அமர்த்திச் சிறு கடை விரித்தார். தம் கைப்படைப்புகளை 60 டாலர் விலையில் அடுக்கினார். போவோர் வருவோர் திரும்பியும் பார்த்திலர். ஒரு பெண்மணி பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கிச் சென்றார். மாலையில் தேறியது 420 டாலர். உண்மை வெளியான பின்னர்தான் நகரம் கைபிசைந்தது.

பாட்டின் தொடரே பெயராகி நின்ற செம்புலப்பெயனீராரை அறிந்த அவை இது. நியூயார்க்கில் நடந்தது அதன் மறுதலை. பெயர் வந்த பிறகே படம் கண்ணிற்பட்டது.

2018 அக்டோபரில் லண்டன் சோத்பிஸ் ஏலத்தில் பத்து இலட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோன அவரது 'பலூனுடன் சிறுமி', சட்டத்துள் மறைத்த கருவியால் அங்கேயே பாதி கிழிந்தது. அக்காட்சியையும் இன்ஸ்டாகிராமில் அவரே வெளியிட்டார். சந்தையை எள்ளிய அச்செயலைச் சந்தை விழுங்கிவிட்டது. கிழிந்த படம் 2021இல் ஒரு கோடியே எண்பத்தைந்து இலட்சம் பவுண்டைத் தாண்டியது.

அமாலியா உல்மன் வேறு வழி கண்டார். 2014இல் பெருநகருக்கு வந்து மாறிப்போகும் இளம்பெண்ணாகத் தம்மைப் புனைந்து, சில மாதங்கள் இன்ஸ்டாகிராமில் படங்கள் இட்டார். பலர் மெய்யென நம்பினர். இறுதியில்தான் புனைவென அறிவித்தார். தன்னை விற்கும் பழக்கத்தையே கலைப்பொருளாக்கிய துணிவு அது.

காட்சிக்கூடத்தாரின் தயவின்றி எளிய ஓவியர் உலகோர்முன் நிற்க இவ்வூடகம் வழி செய்தது; அதனை மறுத்தல் நன்றியன்று. ஆனால் விருப்பக்குறி மிகுதியாகப் பெற்ற பாணியையே மீண்டும் மீண்டும் வரையும் நெருக்கடியும் உடன் வந்தது. பிக்காசோ 1904 வாக்கில் நீலத்தை விட்டு இளஞ்சிவப்புக்குச் சென்றார். சில ஆண்டுகளில் அதனையும் உதறிக் கியூபிசத்தை அடைந்தார். அத்தகைய மாற்றத்தை இன்று நாடும் ஓவியர், தம்மைத் தொடர்வோர் விலகிவிடுவரோ என அஞ்சுகிறார். வரைந்தும் வெளியிடத் துணியாத படங்கள் எத்தனை பரண்களில் கிடக்கின்றனவோ!