உடைந்ததை எறியாதீர்கள்



வைத்தியரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். இன்று நாம் பேச வந்தது உடைந்த பீங்கானைப் பற்றி.

1994 இல் நாங்கள் ஒன்பதாம் வகுப்பு. மனையியல் அறையில் மூடி போட்ட வெள்ளைப் பீங்கான் பாத்திரம் ஒன்று இருந்தது. துடைக்கப் போய் உடைத்துவிட்டோம். ரீச்சர் ஏசவில்லை. துண்டுகளைப் பொறுக்கி ஒரு பிஸ்கற் பேணியில் போட்டு, "வைச்சிருங்கோ பிள்ளையள், ஒருநாளைக்கு ஒட்டலாம்" என்றார். எங்களுக்கோ பொறுமை இல்லை. பொருளாதாரத் தடைக் காலம் அது. தோழி ஒருத்தியின் ஐயா பொத்திப் பொத்தி வைத்திருந்த பசையை வாங்கி, ரீச்சருக்குத் தெரியாமல் ஒட்டினோம். கடைசித் துண்டு உள்ளே போகவேயில்லை. அரத்தால் ராவினோம், விளிம்பு கெட்டதுதான் மிச்சம்.

காரணம் பிற்காலத்தில்தான் விளங்கியது. ஒவ்வொரு பொருத்திலும் மயிரிழை அளவு பிசகினாலும், எல்லாம் சேர்ந்து கடைசித் துண்டின் இடத்தை அடைத்துவிடும். இதையே தொழிலாகச் செய்பவர்கள் முதலில் பசையைத் தொடுவதில்லை. துண்டுகளைக் கழுவி உலர்த்தி, ஒட்டுநாடாவால் பிடித்து, முழுப் பாத்திரத்தையும் கூட்டிப் பார்த்து வரிசையை முடிவு செய்வார்கள். மட்பாண்டங்களுக்கு அவர்கள் பெரிதும் பயன்படுத்துவது பரலோயிட் பி-72. அது அசிற்றோனில் கரையும். பிழைத்தால் கழற்றி மீண்டும் ஒட்டலாம். பசை மண்ணைவிட வலுத்தால், அடுத்த அடியில் ஒட்டு விடாது, பக்கத்து மண்தான் பிளக்கும்.

முறிந்த எலும்பை நேராக்கிப் பிடித்துக் கொடுத்தால் போதும், அது தானே வளர்ந்து பொருந்தும். பீங்கான் அப்படி வளராது. ஆகவே ஒட்டுபவரின் பொறுப்பு எங்கள் பொறுப்பைவிடப் பெரிதென்றே தோன்றுகிறது.

1845 இல் இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் போட்லன்ட் சாடி என்ற உரோமக் கண்ணாடிச் சாடியை ஒருவன் அடித்து நொருக்கினான். அப்போது ஒட்டியவரால் 37 சிறு துண்டுகளுக்கு இடம் காண முடியவில்லை. எறியாமல் வைத்திருந்தபடியால், பின்னாளில் சாடியைப் பிரித்து மீண்டும் ஒட்டியபோது அவற்றிற் பல தம் இடத்தைச் சேர்ந்தன.

2020 ஆகஸ்ட் 4 இல் பெய்ரூத் துறைமுகம் வெடித்தபோது, அங்குள்ள அமெரிக்கப் பல்கலைக்கழக நூதனசாலையின் ஓர் அலுமாரியில் இருந்த 74 பழைய கண்ணாடிப் பாத்திரங்களில் 72 உடைந்தன. அலுமாரிக் கண்ணாடியும் யன்னல் கண்ணாடியும் அவற்றோடு கலந்து கிடந்தன. எது பழையது எது புதியது என்று கையால் பிரித்தெடுத்தார்கள். எட்டுப் பாத்திரங்கள் இலண்டனில் சீராகின. வெடிப்பின் சாட்சியாகச் சில இடைவெளிகளை நிரப்பாமலே விட்டார்கள்.

எங்கள் பேணிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே எழுந்து நடந்தது. அடுத்த ஆண்டு அளவெட்டிக்குத் திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, பேணியும் இல்லை. நாங்கள் உடைத்ததை ரீச்சர் மன்னித்திருந்தார். அவசரப்பட்டு ஒட்டியதை அவரிடம் சொல்லும் துணிவு எங்களுக்குக் கடைசிவரை வரவில்லை. இன்று இந்த மேடையில் சொல்கிறோம்.

எங்கள் அயலூரான கந்தரோடையில் 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலைக் குழுவினர் அகழ்ந்தபோது கிடைத்தவற்றிற் பெரும்பகுதி உடைந்த ஓடுகள்தாம். இந்த மண்ணின் பழைமையை அவற்றைக் கொண்டே வாசிக்கிறோம்.

சகோதரிகளே, ரொறன்ரோவில் இருந்தாலும் சிட்னியில் இருந்தாலும், எங்கள் கல்லூரியின் பீங்கான் மைக்கூடோ, பரிசுக் கிண்ணமோ உடைந்த நிலையில் உங்களிடம் இருந்தால் எறியாதீர்கள். ஒட்டவும் வேண்டாம். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே மெல்லிய கடதாசியில் சுற்றி, எங்கே, எப்போது, யாருடைய கையில் இருந்தது என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். ஊருக்கு வரும்போது கொண்டு வாருங்கள்.

ஒட்டத் தெரிந்தவர் ஒருநாளைக்கு வருவார். அதுவரை துண்டுகள் இருக்க வேண்டும்.