ரயிலடியில் வீடு: ஊக்கத்தொகை மட்டும் போதுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



சிங்கப்பூரில் பெருவிரைவு ரயில் நிலையத்தை ஒட்டி அடுக்குமாடி வீடுகள் எழுவது யாருக்கும் வியப்பளிப்பதில்லை. நிலத்தின் பெரும்பகுதி அரசின் கையில் இருக்கிறது. வீடுகளைக் கட்டுவது 1960ல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். ஆனால், நிலம் தனியாரிடமும், எங்கே எதைக் கட்டலாம் என்ற அதிகாரம் ஒவ்வோர் ஊரிடமும் இருந்தால் என்ன செய்வது? பணம் கொடுத்து ஊர்களை இணங்க வைக்க முடியுமா? அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலம் இதைச் செய்து பார்த்திருக்கிறது.

மாநிலத் தலைநகர் பாஸ்டனைச் சுற்றியுள்ள பல ஊர்களில், ஒரு மனையில் ஒரு குடும்பத்துக்கே வீடு என்ற விதி நெடுங்காலமாக நிலவியது. ரயில் நிலையத்தின் வாசலிலும் அதே விதிதான். விளைவு, வீட்டு விலை ஏறியது. நகரில் பணிபுரியும் தாதியரும் ஆசிரியர்களும் தொலைவில் குடியேற நேர்ந்தது.

2004ல் மாநிலம் '40ஆர்' என்ற சட்டத்தை இயற்றியது. ரயில் நிலையம், ஊர்மையம் போன்ற இடங்களில் ஏக்கருக்குக் குறைந்தது 20 அடுக்குமாடி வீடுகளை அனுமதிக்கும் ஊருக்கு, வீடுகளின் எண்ணிக்கைக்கேற்ப 10,000 முதல் 600,000 டாலர் வரை ஊக்கத்தொகை. கட்ட அனுமதி பெறும் ஒவ்வொரு கூடுதல் வீட்டுக்கும் மேலும் 3,000 டாலர்.

அப்போதும் ஊர்கள் தயங்கின. புதுக் குடும்பங்கள் வந்தால் பிள்ளைகள் வருவார்கள். பள்ளிச் செலவு கூடும். அது ஊரின் சொத்துவரியில் அல்லவா விழும்! இந்த அச்சத்தைப் புரிந்துகொண்ட மாநிலம், 2005ல் '40எஸ்' சட்டத்தின்வழி அந்தக் கூடுதல் பள்ளிச் செலவில் உதவ முன்வந்தது. வெறும் பரிசைவிட, தயக்கத்தின் வேரைத் தொடும் உதவியே பொருத்தமானது.

இருந்தும் ஒரு குறை. சேர்வதும் சேராததும் ஊரின் விருப்பம். பணத்தேவை இல்லாத வசதியான ஊர் ஒதுங்கிக்கொள்ளலாம்.

ஆகவே 2021ல் அடுத்த படி. ரயில் சேவைப் பகுதியைச் சேர்ந்த 177 ஊர்கள், ஏக்கருக்குக் குறைந்தது 15 வீடுகள் கட்டக்கூடிய வட்டாரத்தை ஒதுக்க வேண்டும்; நிலையம் இருந்தால், அதிலிருந்து அரை மைலுக்குள். மறுக்கும் ஊருக்குச் சில மாநில மானியங்கள் கிடையா.

பாஸ்டனை ஒட்டிய மில்டன் ஊரின் மன்றம் இதற்கான திட்டத்தை ஏற்றது. ஆனால், 2024 பிப்ரவரியில் ஊர்மக்கள் வாக்களித்து அதை ரத்துசெய்தனர். கடற்சுவர்ப் பணிக்கான 140,800 டாலர் மானியத்தை மாநிலம் திரும்பப் பெற்றது. வழக்கும் தொடுக்கப்பட்டது. மானியத்தை இழந்தால் கடமை தீர்ந்தது என்பது ஊரின் வாதம். 2025 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சட்டம் கட்டாயமானதே என்றது. அதேநேரம், விதிமுறைகளை வகுத்ததில் நடைமுறைப் பிழை உண்டென்று மாநிலத்தையும் திருத்தியது. அதே ஆண்டில் மில்டன் புதிய திட்டத்துக்கு இசைந்தது.

ஊக்கத்தொகை தயங்குபவரை அழைத்து வரும், மறுப்பவரை அசைக்காது. ரயில் பாதை எல்லாருடைய வரிப்பணத்திலும் ஓடுகிறது. அதன் அருகே யார் வாழலாம் என்பதை அங்கு ஏற்கெனவே குடியிருப்போர் மட்டும் முடிவுசெய்வது நியாயமாகாது. பள்ளிச் செலவு போன்ற உண்மைக் கவலைகளுக்குப் பணம் மருந்தாகட்டும். கதவைத் திறந்து வைப்பதைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும்.