மூப்புப் பட்டியலில் மூண்ட பூசல்

விமானிக்குச் சேவை மூப்பே சொத்து. எந்த விமானம், எவ்வளவு சம்பளம், நத்தாருக்கு வீட்டிலா வானிலா என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கிறது.

அமெரிக்காவில் 2005இல் யூ.எஸ். எயர்வேசும் அமெரிக்கா வெஸ்ட்டும் இணைந்தன. வேலையில் இருப்பவரையும் நிறுத்தப்பட்டவரையும் சமமாக்குதல் நியாயமன்று என்றார் மத்தியஸ்தர் ஜோர்ஜ் நிக்கொலா. 2007இல் வெளிவந்த அவரது தீர்ப்பின்படி, நெடுங்கால மூப்பிருந்தும் வேலை நிறுத்தி வைக்கப்பட்டிருந்த கிழக்கு விமானிகள் பட்டியலின் அடியில் வீழ்ந்தனர். மேற்கின் புதியவரோ அவர்களுக்கு மேலே நின்றனர்.

கொதித்தெழுந்த கிழக்கார் 2008இல் சங்கத்தையே மாற்றினர். அவர்தம் சினத்தை நாம் அறிவோம். ஆயினும் அச்சினத்தால் இலாபமடைந்தவர் யார்? பொது ஒப்பந்தம் ஏற்படவில்லை. வங்குரோத்துக் காலத்தில் வெட்டப்பட்ட சம்பளத்துக்கே கிழக்கார் ஆண்டாண்டாகப் பறந்தனர், 2013இல் அமெரிக்கன் எயர்லைன்சுடன் அடுத்த இணைப்பு வரும்வரை!