சேறு படிந்த சைக்கிள்

மலைப்பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்யப்படும் தடித்த டயர் சைக்கிள்கள் இப்போது நம் ஊர்களிலும் மிகுந்து வருகின்றன. மழைநாளில் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிடையே இரண்டு மணி நேரம் ஓட்டித் திரும்பினால், வண்டி எது, செம்மண் எது என்று பிரித்தறிய இயலாது. அதைக் கழுவுவதும் ஒரு பேச்சுக்குரிய பொருளோ என்று கேட்பீர்கள். சேற்றினால் கெடாத சைக்கிளும் கழுவியதனால் கெடும் என்பதனாலேயே பேசத் துணிந்தேன்.

நானே ஒன்றைக் கெடுத்தவன். மோட்டார் வண்டி கழுவும் கொட்டகை ஒன்றில் நிறுத்தி, விசைக்குழாயால் நீரைப் பீய்ச்சி அடிக்கச் செய்தேன். ஐந்து நிமிஷத்தில் சைக்கிள் புதிதுபோல் மின்னியது. சில வாரங்களில் பின்சக்கரம் கரகரவென்று முனகத் தொடங்கிற்று. பிரித்துப் பார்த்தால், கிரீஸ் இருந்த இடத்தில் காப்பி நிறக் குழம்பு, குண்டுகளிலே துரு!

சக்கரத்தின் நடு அச்சிலும், பெடல் சுழலும் அச்சிலும், ஹாண்டில் திரும்பும் கழுத்திலும் உருக்குக் குண்டுகள் கிரீஸில் தோய்ந்து உருள்கின்றன. அவற்றை மூடியிருக்கும் ரப்பர் வளையம் தெறிக்கும் மழையைத் தடுக்குமேயன்றி, விசையோடு பாயும் நீரைத் தடுக்க வல்லதன்று. உட்புகுந்த நீர் எளிதில் வெளியேறுவதுமில்லை.

கிரீஸின் அருமையை இவ்விளையாட்டின் முன்னோடிகள் நன்கறிந்திருந்தனர். 1976-இல் கலிபோர்னியாவின் மாரின் மாவட்டத்தில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் ஒரு மலைச்சரிவில் பந்தயம் இறங்கினர். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பிரேக் அது. அதன் சூட்டில் உள்ளிருந்த கிரீஸ் புகைந்து போகும். மீண்டும் கிரீஸ் அடைத்தாக வேண்டும். அதனாலேயே அப்பாதைக்கு 'ரீபேக்' என்ற பெயர் நிலைத்தது.

நமக்கு வேண்டுவன இரண்டு வாளி நீர், சிறிது சோப்பு, மிருதுவான பிரஷ், பழந்துணி. காய்ந்த சேற்றைச் சுரண்டலாகாது. அதிலுள்ள மணல் வர்ணத்தைக் கீறிவிடும். மேலிருந்து மெல்ல நீரூற்றி ஊற விடுங்கள். பெரும்பகுதி தானே வழிந்துவிடும். எஞ்சியதைச் சோப்பு நீரால் தேய்க்கலாம். முன்ஃபோர்க்கின் பளபளக்கும் குழாய்களை ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

செயினுக்குத் தனிப் பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். தட்டுப் பிரேக் உள்ள வண்டியில், எண்ணெய் பட்ட பிரஷ் அத்தட்டில் பட்டால், பிரேக் கட்டைகள் எண்ணெயை உறிஞ்சிப் பிடிப்பை இழக்கும். பெரும்பாலும் கட்டைகளையே மாற்ற நேரிடும். இறக்கத்தில் வளைவு நெருங்கும்போது அதை அறிவதைவிட, வீட்டு முற்றத்தில் அறிவது நல்லதன்றோ? தட்டின்மேல் தெளிக்கும் எண்ணெய் எதுவும் வேண்டவே வேண்டாம்.

செயினை, மண்ணெண்ணெய் சிறிதே நனைத்த துணியால் பற்றி, பெடலைப் பின்புறமாகச் சுழற்றித் துடையுங்கள். நன்றாக உலர்ந்தபின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். சிறிது நேரம் கழித்து, மேலே நிற்கும் எண்ணெயை முற்றிலும் துடைத்தெடுங்கள். உள்ளே இருப்பதே வேலை செய்யும். வெளியே இருப்பது அடுத்த நாளின் புழுதியைத்தான் கூட்டிச் சேர்க்கும். பின், சைக்கிளைத் தரையில் இருமுறை மெல்லத் தட்டி, இடுக்குகளில் தங்கிய நீரை உதிர்த்து, காற்றோட்டமான நிழலில் நிறுத்திவிடலாம்.