வண்டியை ஏன் மாற்றினேன்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், சேலத்திலுள்ள என் வீட்டு வாசலில் ஓர் இளைஞர் வந்து நின்றார். பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவர். நான் விற்பதற்காக வைத்திருக்கும் பந்தய வகை மோட்டார் சைக்கிளைப் பார்க்க வந்திருந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்; மெல்லத் தொட்டுப் பார்த்தார். தேர்த் திருவிழாவில் குதிரை வாகனத்தைக் காணும் குழந்தையின் கண்கள் அப்போது அவருக்கு. பிறகு, "இவ்வளவு நல்ல வண்டியை ஏன் சார் விற்கிறீர்கள்?" என்று கேட்டார். "வயதாகிவிட்டது, தம்பி" என்று சொல்லிச் சிரித்து மழுப்பினேன்.

அது பொய். எனக்கு வயது முப்பத்தெட்டுத்தான். கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கிறவன், ஒரு மாணவர் கேட்ட நேரான கேள்விக்குக் கோணலான விடை சொல்லிவிட்டேன். அன்று சொல்லாமல் விட்ட விடையை இன்று உங்கள் முன் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

முதலில் அந்தப் பழைய வண்டியின் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். கைவிட்ட பொருளைப் பழிப்பது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. ஏழு ஆண்டுகள் அதை ஓட்டினேன். கொல்லிமலைக்குப் போகும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு என்பது உங்களிற் பலருக்குத் தெரிந்திருக்கும். விடியற்காலையில், மலையடிவாரத்துப் பனி கலையுமுன், அந்த எழுபது வளைவுகளிலும் அந்த வண்டியைச் சாய்த்துச் சாய்த்து ஏற்றியிருக்கிறேன். நினைத்த திசையில் அது திரும்பும். நினைக்குமுன்னே திரும்பிவிடும் என்றுகூடச் சொல்லலாம். வண்டி வேறு, நான் வேறு என்ற உணர்வே அற்றுப்போகும். அந்த இன்பத்தைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு கருவி எந்த இடத்துக்காகச் செய்யப்பட்டதோ, அந்த இடத்திலேதான் அது முழுப் பயன் தரும். பந்தய வகை வண்டியின் கைப்பிடிகள் தாழ்ந்திருக்கும். கால் வைக்கும் இடங்கள் உயர்ந்து பின்னே தள்ளியிருக்கும். ஓட்டுபவர் வில்லைப் போல வளைந்து முன்னே குனிந்தாக வேண்டும். ஏன் இந்த அமைப்பு? காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். அதை வெல்ல எஞ்சின் தரவேண்டிய திறனோ எட்டு மடங்காகும். ஆகவே உடலைக் குனியவைத்துக் காற்றுக்கு முன் சிறிதாக்குகிறார்கள். மிகுந்த வேகத்தில் எதிர்க்காற்று மார்பைத் தாங்கிப் பிடிக்கும். மணிக்கட்டின் பாரம் குறையும். வேகம் குறைந்தாலோ, தாங்குவதற்குக் காற்று இல்லை. மேலுடலின் சுமையில் பெரும்பகுதி இரண்டு மணிக்கட்டுகளின் மேல் இறங்கிவிடும்.

சேலம் ஐந்து ரோடு சந்திப்பின் நெரிசலில் நான் எந்தக் காற்றை நம்புவது? நாள்தோறும் கல்லூரிக்குப் போய்த் திரும்பும்போது மணிக்கட்டும் முதுகும் வலித்தன. ஒரு முறை சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலுள்ள பந்தயத் தடத்தில் இத்தகைய வண்டிகள் ஓடுவதைப் பார்த்தேன். 1990இல் திறக்கப்பட்ட தடம் அது. எதிரே வருபவர் இல்லை. குறுக்கே நடப்பவர் இல்லை. வளைவுக்கு வெளியே மண்பரப்பு விட்டிருக்கிறார்கள். "இதுவன்றோ இதன் வீடு! இதை நாம் கொண்டுபோய் எங்கே கட்டி வைத்திருக்கிறோம்?" என்று அன்றைக்கே தோன்றியது. ஆயினும் தோன்றியதெல்லாம் செயலாகிவிடுமா? மனம் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு ஒரு மாலை. இராசிபுரத்துக்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். புளியமரங்கள் நிறைந்த வளைவு ஒன்று. ஐம்பது மீட்டர் தூரத்துக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகம். வளைவில் திரும்பினால், சாலையை அடைத்துக்கொண்டு ஆட்டு மந்தை. நடுவே பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன். இரண்டு பிரேக்குகளையும் அழுத்தினேன். வண்டி மந்தையின் ஓரத்தை இடித்துக்கொண்டு மண்ணில் இறங்கிச் சாய்ந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஓர் ஆட்டுக்குட்டி இறந்துபோயிற்று. சிறுவன் ஓடி வந்தான். திட்டப் போகிறான் என்று நினைத்தேன். "உங்களுக்கு அடி கிடி படலையே, அண்ணா?" என்றான். பிறகு குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அவன் தந்தையைத் தேடிப்போய்ப் பணம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். ஆனால் அந்தப் பையனின் கேள்விக்கு மட்டும் என்னால் விலை கொடுக்க முடியவில்லை.

அன்றிரவு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாணவர்களே, நீங்களும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆபத்தைக் கண்ட பின் கை பிரேக்கை அழுத்த ஏறத்தாழ ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல பிரேக்கு ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 7 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கும் என்றும் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், அந்த ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடுவார். பிரேக்கு பிடித்தபின் 20 மீட்டரில் நிற்பார். ஆக, 37 மீட்டர். 80 கிலோமீட்டரில் போகிறவருக்கோ 22 மீட்டரும் 35 மீட்டரும். ஆக, 57 மீட்டர். எனக்கு இருந்ததோ ஐம்பது மீட்டர்.

ஏழு மீட்டர்தானே குறைவு என்று தோன்றும். ஆனால் அந்த ஐம்பதாவது மீட்டரில் என் வண்டியின் வேகம் என்னவாக இருக்கும் என்று கணக்கிட்டேன். மணிக்கு 37 கிலோமீட்டர்! அறுபதில் வந்தவர் நின்று, இறங்கி, ஆடுகளுக்கு வழிவிடும் இடத்தில், எண்பதில் வந்தவன் அந்த வேகத்தோடு மோதுவான். பிரேக்கு பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு என் வண்டியில் இருந்தது. 125 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கெல்லாம் 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் அது கட்டாயம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இல்லாத ஏழு மீட்டரை எந்த அமைப்பும் படைத்துத் தராது.

2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். இத்தகைய எண்களை நான் முன்பும் படித்ததுண்டு. தோளில் ஆட்டுக்குட்டியோடு நடந்துபோன அந்தப் பையனைப் பார்த்த பிறகுதான் எண்களுக்கு முகம் உண்டு என்பது விளங்கிற்று.

அப்போதாவது வண்டியை மாற்றினேனா? இல்லை. மனிதன் அவ்வளவு எளிதில் திருந்துவதில்லை. என்னை மாற்றியது வேறொரு சிறு நிகழ்ச்சி.

என் தாயாருக்குக் கண்புரை. சேலத்தில் மருத்துவரிடம் காட்ட வேண்டியிருந்தது. ஊருக்குப் போய் அழைத்துவர எண்ணினேன். பின் இருக்கையைப் பார்த்தார்கள். அது முன் இருக்கையைவிட உயரம். அகலமோ ஒரு சாண். பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை. ஒரு திண்ணைமேல் ஏறி நின்று உட்கார முயன்றார்கள், முடியவில்லை. "கண்ணு, நீ முன்னாலே போ. நான் பஸ்ஸிலே வந்துடறேன்" என்றார்கள். நான் வேகமாகத்தான் போனேன். மருத்துவமனை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் நின்றேன். கண் சரியாகத் தெரியாத என் தாயார், கூட்டம் நிறைந்த பேருந்தில் நின்றுகொண்டே வந்து இறங்கினார்கள். விரைந்து வந்து நான் கண்ட பயன் என்ன? அம்மாவுக்காகக் காத்திருந்தேன், அவ்வளவுதான்.

அந்த மாதமே வேறு வண்டி வாங்கினேன். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டி. அகன்ற கைப்பிடி, தாராளமான பின் இருக்கை, பிடித்துக்கொள்ளக் கம்பி. இவ்வகை நம் நாட்டுக்குப் புதியதன்று. 1955இலேயே சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார், இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 350 கன சென்டிமீட்டர் புல்லட் வண்டிகளை உருவாக்கத் தொடங்கினார்கள்.

பழைய வண்டியையும் புதிய வண்டியையும் ஒப்பிட்டால், பௌதிக மாணவர்களுக்கு ஓர் அழகான பாடம் கிடைக்கும். பழையதன் உச்சத் திறன் சுமார் 18 குதிரைத் திறன். புதியதற்குச் சுமார் 20. பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பழையது அந்தத் திறனைத் தர நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுச் சுற்ற வேண்டும். புதியதற்கு ஆறாயிரத்துச் சொச்சம் போதும். முறுக்கு விசையைப் பாருங்கள். பழையதற்கு 7,500 சுற்றில் 14 நியூட்டன் மீட்டர். புதியதற்கு 4,000 சுற்றிலேயே 27. திறன் என்பது முறுக்கு விசையையும் சுழல் வேகத்தையும் பெருக்கி வருவது. ஒன்று மெல்லிய விசையோடு பலமுறை சுற்றி அந்தத் தொகையைப் பெறுகிறது. மற்றொன்று கனத்த விசையோடு சிலமுறை சுற்றிப் பெறுகிறது. பந்தயத் தடத்துக்கு முன்னது ஏற்றது. மாட்டு வண்டிக்குப் பின்னே நின்று, மெல்ல நகர்ந்து, மீண்டும் நின்று போகும் நம் சாலைக்குப் பின்னது ஏற்றது. அடிக்கடி கியர் மாற்ற வேண்டுவதில்லை. எஞ்சினைக் கதறவைக்கவும் வேண்டுவதில்லை.

இழப்பும் உண்டு; அதை மறைக்க மாட்டேன். பழையது 140 கிலோகிராம் அளவு, புதியது 195. வாசற்படியில் ஏற்றும்போது மூச்சு வாங்குகிறது. கொல்லிமலை வளைவுகளில் பழைய துள்ளல் இல்லை. ஆனால் அந்த மலையில் ஓர் அருவியின் ஓசை சாலைவரை கேட்கிறது என்பதை இந்த வண்டியில் போனபோதுதான் அறிந்தேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வண்டியை மாற்றியதாலேயே நான் பாதுகாப்பானவன் ஆகிவிடவில்லை. இந்த வண்டியும் எண்பதில் ஓடும். அந்தப் புளியமரத்து வளைவில் இதற்கும் 57 மீட்டர் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகமே வேகம் என்ற விதி எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். தலைக்கவசத்தின் தேவையும் அப்படியே. பின்னால் இருப்பவருக்கும் அது வேண்டும். இப்போது என் தாயார் பின்னால் அமர்ந்து, "பள்ளம் வருது, பாத்துப் போ கண்ணு" என்று சொல்லிக்கொண்டே வருகிறார்கள். கண் அறுவைக்குப் பிறகு அவர்களுக்குப் பள்ளம் என்னைவிட நன்றாகத் தெரிகிறது.

அந்த மாணவருக்கு வண்டியைக் கொடுத்தேனா என்று கேட்பீர்கள். அவர் முன்பணத்தை எடுத்து நீட்டினார். என் கை நீளவில்லை. "தம்பி, நாளைக்கு இந்த வண்டியை எடுத்துப் போங்கள். உங்கள் வீட்டில் யாராவது ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, நீங்கள் அன்றாடம் போகும் சாலையில் ஒரு சுற்றுப் போய்விட்டு வாருங்கள். அப்போதும் வேண்டும் என்றால் விலை பேசுவோம்" என்றேன். மறுநாள் வந்து எடுத்துப் போனார். மாலையில் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார். "பாட்டியால் ஏறவே முடியவில்லை, சார்" என்றார். பிறகு வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "யோசித்துச் சொல்கிறேன்" என்று போனார்.

இன்னும் வரவில்லை. வந்தாலும் வரலாம், அது அவர் விருப்பம். வந்தால், அன்று அவர் கேட்ட கேள்விக்கு இன்றைய விடையை முழுதும் சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன்.